லார்கினில் விழுந்த ஒரு கோல்

என் தங்கை மகன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிற ஆயிரக்கணக்கான ஜொகூர் பிள்ளைகளில் ஒருவன். போன ஞாயிற்றுக்கிழமை லார்கின் பேருந்து முனையத்துக்குப் பக்கத்தில் இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது கேட்டான்.

"மாமா, எங்க கம்பெனிக்கு ஜப்பான்லேருந்து ஒரு இன்ஜினியர் வந்திருக்காரு. வயசானவரு. நான் ஜொகூர் பாருன்னு சொன்னதும் எழுந்து நின்னு ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சிக்கிட்டாரு. கண்ணு கலங்கிடுச்சி. நம்ம ஊர்ல அவருக்கு அப்படி என்ன இருக்கு?"

சற்றுத் தள்ளி நிற்கும் அரங்கத்தின் பக்கம் கையைக் காட்டினேன். அவன் நம்பவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற கட்டடம் அது. டான்ஸ்ரீ டத்தோ ஹாஜி ஹசான் யூனோஸ் அரங்கம் என்பது முழுப் பெயர். ஜொகூரின் முன்னாள் மந்திரி பெசாரின் பெயர் அது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, லார்கின் அரங்கம் என்றால்தான் தெரியும். 1964இல் திறந்தது. ஜொகூர் அணி 1991இல் லீக் பட்டம், மலேசியக் கிண்ணம் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றபோது அதன் சொந்தத் திடல் இதுதான். இன்றைய ஜொகூர் கிளப்பான ஜேடிதி 2020இல் இஸ்கந்தர் புத்ரியில் உள்ள புதிய சுல்தான் இப்ராகிம் அரங்கத்துக்குக் குடிபோய்விட்டது. அதன்பின் லார்கின் பக்கம் கூட்டம் குறைந்துவிட்டது.

ஜப்பானில் காற்பந்து பார்க்கிற யாரிடமும் ஜொகூர் பாரு என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். "ஜொஹோருபாரு நோ கான்கி" என்பார்கள். 'ஜொகூர் பாருவின் பேரானந்தம்' என்று பொருள். ஒரு நாட்டு மக்கள் தங்கள் மகிழ்ச்சிக்கு நம் ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சி பிறந்தது 1997 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை இரவு, இந்த லார்கின் அரங்கத்தில். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஜப்பானும் ஈரானும் எதற்காக ஜொகூர் பாருவுக்கு வந்து ஆட வேண்டும்? 1998 உலகக் கிண்ணம் பிரான்சில் நடந்தது. அந்த ஆண்டுதான் உலகக் கிண்ணத்தில் ஆடும் அணிகளின் எண்ணிக்கை 24இலிருந்து 32ஆக உயர்ந்தது. ஆசியாவுக்கு மூன்றரை இடங்கள் கிடைத்தன. அந்த அரை இடம் என்பது, ஆசியாவில் நான்காவதாக வரும் அணி ஓசியானியா வட்டாரத்தின் வெற்றியாளரோடு மோதி வென்றால் மட்டும் கிடைக்கும் இடம். ஆசியாவின் இறுதித் தகுதிச்சுற்றில் பத்து அணிகள், ஐந்து ஐந்தாக இரண்டு பிரிவுகள். பிரிவில் முதலிடம் பெற்ற சவூதி அரேபியாவும் தென்கொரியாவும் நேராகப் பிரான்சுக்குப் போய்விட்டன. இரண்டாம் இடத்தில் நின்றவை ஈரானும் ஜப்பானும். இந்த இரண்டும் ஒரே ஓர் ஆட்டத்தில் மோத வேண்டும். வென்றவருக்கு மூன்றாவது இடம். தோற்றவர் ஆஸ்திரேலியாவை எதிர்த்து இன்னும் இரண்டு ஆட்டங்கள் ஆடி அந்த அரை இடத்துக்காகப் போராட வேண்டும்.

ஒரே ஆட்டம் என்பதால் டெஹ்ரானிலும் வைக்க முடியாது, தோக்கியோவிலும் வைக்க முடியாது. இருவருக்கும் பொதுவான மண் வேண்டும். அப்படி அமைந்ததுதான் லார்கின். அதே 1997ஆம் ஆண்டு ஜூன், ஜூலையில் உலக இளையர் காற்பந்துப் போட்டியை மலேசியா நடத்தியது. அந்தப் போட்டியின் திடல்களில் ஜொகூர் பாருவும் ஒன்று.

பொது மண் என்றாலும், அன்றிரவு அரங்கில் இருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலானவர்கள் ஜப்பானியர்கள். பலர் சிங்கப்பூரில் இறங்கிப் பாலம் வழியாக வந்தார்கள். அதே பாலத்தைத்தான் 1942 ஜனவரி 31ஆம் தேதி, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை வெடிவைத்து உடைத்தது. அன்று ஜொகூர் பாருவுக்குள் நுழைந்ததும் ஜப்பானியர்கள்தான், ஆனால் படையாக. 'ஜப்பான்காரன் காலம்' என்று நம் பாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொன்னது அதன்பின் வந்த மூன்றரை ஆண்டுகளை. தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். அந்த நினைவு உள்ள ஊருக்கு, 55 ஆண்டுகள் கழித்து, ஜப்பானின் இளைஞர்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, முரசு கொட்டிக்கொண்டு வந்தார்கள். இதை மறக்கவும் கூடாது, அதற்காக அந்தப் பிள்ளைகளின் கண்ணீரைக் குறைத்து மதிக்கவும் கூடாது என்பது என் எண்ணம். ஊர் என்றால் இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும்.

ஜப்பானுக்கு ஏன் இந்த ஓர் ஆட்டம் இவ்வளவு பெரிதானது? அதற்கு நான்கு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1993 அக்டோபர் 28ஆம் தேதி, கத்தாரின் தோஹா நகரில் ஈராக்கை எதிர்த்து ஜப்பான் 2-1 என முன்னிலையில் இருந்தது. அப்படியே முடிந்திருந்தால் 1994 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி. தொண்ணூறு நிமிடம் கடந்து, நடுவர் ஊதலை வாயில் வைக்கும் நேரத்தில், ஒரு மூலை உதையிலிருந்து ஈராக் சமன் செய்தது. ஆட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே தரையில் சாய்ந்தார்கள். ஜப்பானில் அதற்கு 'தோஹாவின் சோகம்' என்று பெயர். ஜொகூர் பாருவின் பேரானந்தம் என்ற பெயர் அந்தச் சோகத்துக்கு இணையாகப் பிறந்தது. ஒன்று இல்லாமல் மற்றொன்றின் பொருள் விளங்காது.

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. 2002 உலகக் கிண்ணத்தை ஜப்பானும் தென்கொரியாவும் சேர்ந்து நடத்துவது என்று 1996 மே மாதமே முடிவாகிவிட்டது. தென்கொரியா பலமுறை உலகக் கிண்ணத்தில் ஆடிய நாடு. ஜப்பான் ஒருமுறைகூட ஆடியதில்லை. ஆடும் தகுதியே பெறாத நாடு போட்டியை எப்படி நடத்தும் என்று உலகம் கேட்டுவிடுமே என்ற கவலை அந்த நாட்டை அரித்துக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில், 1997 தகுதிச்சுற்றில் அணி தடுமாறியது. தோக்கியோவில் தென்கொரியாவிடம் 1-2 எனத் தோற்றது. அக்டோபர் 4ஆம் தேதி அல்மாட்டியில் கஜகஸ்தானோடு 1-1 என முடிந்தது. அன்றிரவே பயிற்றுநர் காமோ நீக்கப்பட்டார். பொறுப்பு துணைப் பயிற்றுநர் தகேஷி ஒகாடாவின் தலையில் விழுந்தது. அவருக்கு 41 வயது. அதுவரை எந்த அணிக்கும் தலைமைப் பயிற்றுநராக இருந்தது கிடையாது. மிரட்டல்கள் வீடுவரை வந்தன. ஆட்டத்துக்கு முன் ஜொகூர் பாருவிலிருந்து மனைவியைத் தொலைபேசியில் அழைத்து, நாளை வெல்லாவிட்டால் நாம் ஜப்பானில் குடியிருக்க முடியாது என்று சொன்னதாக அவரே பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். நம் ஊர் ஹோட்டல் அறை ஒன்றில் ஒரு மனிதர் அப்படியொரு இரவைக் கழித்திருக்கிறார்.

ஈரானுக்கும் பசி குறைவில்லை. 1978க்குப் பிறகு உலகக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. இடையில் புரட்சி, எட்டாண்டுப் போர். அணியில் அலி டாய் இருந்தார், பின்னாளில் பன்னாட்டு ஆட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கோல்கள் அடித்து, 2021இல் ரொனால்டோ முறியடிக்கும்வரை உலகச் சாதனையை வைத்திருந்தவர். 1996இல் ஆசியாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான கோதாதாத் அஸீஸியும் இருந்தார். இந்த அஸீஸி ஆட்டத்துக்கு முன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வந்து நின்றார், கால் அடிபட்டவர்போல. அது எதிராளியைக் குழப்பச் செய்த தந்திரம். மறுநாள் திடலில் இறங்கி மான்போல் ஓடினார்.

இரண்டாவது கோப்பைத் தேநீர் வந்தது. மருமகன் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டான். ஆட்டத்துக்கு வந்தோம்.

இரவு 9 மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நம் நேரத்தைவிட ஜப்பான் ஒரு மணி நேரம் முந்தியது, அங்கே 10 மணி. நாட்டில் ஏறத்தாழப் பாதி வீடுகள் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தன. 39ஆவது நிமிடத்தில் 20 வயது ஹிதெதோஷி நகாடா இடுக்கில் தள்ளிய பந்தை மசாஷி நகாயாமா கோலாக்கினார். இடைவேளை முடிந்த கையோடு அஸீஸி சமன் செய்தார். 59ஆவது நிமிடத்தில் அலி டாய் தலையால் முட்டி ஈரானை 2-1 என முன்னே கொண்டுபோனார்.

ஒகாடா அப்போது செய்த காரியம் ஜப்பானையே உலுக்கியது. 63ஆவது நிமிடத்தில் முன்வரிசை ஆட்டக்காரர் இருவரையும் ஒரே நேரத்தில் வெளியே அழைத்தார். அதில் ஒருவர் கசுயோஷி மியூரா. ஜப்பானியக் காற்பந்தின் அரசர் என்று கொண்டாடப்பட்டவர், ஐம்பது வயதைத் தாண்டியும் தொழில்முறைப் போட்டிகளில் ஆடியவர். பலகையில் தன் எண்ணைப் பார்த்ததும், என்னையா கூப்பிடுகிறீர்கள் என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அந்தக் காட்சி இன்றும் அங்கே பேசப்படுகிறது. அனுபவம் இல்லாதவர் என்று எல்லாரும் எண்ணிய பயிற்றுநர் எடுத்த துணிச்சலான முடிவு அது. பலன் 76ஆவது நிமிடத்தில் தெரிந்தது. நகாடா உயர்த்தி அனுப்பிய பந்தை, மாற்று ஆட்டக்காரராக வந்த ஷோஜி ஜோ தலையால் முட்டினார். 2-2. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது.

இங்கே ஒரு விதியை விளக்க வேண்டும், இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. அந்தக் காலத்தில் 'தங்க கோல்' என்று ஒரு முறை இருந்தது. கூடுதல் நேரம் 30 நிமிடம்தான், ஆனால் அதற்குள் யார் முதலில் கோல் போட்டாலும் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. மீதி நேரத்தில் திருப்பி அடிக்கலாம் என்ற பேச்சே இல்லை. துணிந்து ஆடட்டும் என்ற நோக்கத்தில் 1993இல் ஃபிஃபா இதைக் கொண்டுவந்தது. பல ஆட்டங்களில் விளைவு தலைகீழானது, ஒரு பிழை செய்தால் எல்லாம் போயிற்று என்று அணிகள் பயந்து பின்வாங்கின. 2004இல் முறையைக் கைவிட்டார்கள். லார்கினில் அன்று நடந்தது, அந்த விதி எதற்காக எழுதப்பட்டதோ அதுதான்.

கூடுதல் நேரத்துக்கு முன் ஜப்பான் அணியினர், உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்கள், உதவியாளர்கள் என எல்லாரும் திடலில் ஒரு பெரிய வட்டமாகத் தோள்பிடித்து நின்றார்கள். என்எச்கே வர்ணனையாளர் யாமமோதோ அப்போது சொன்னதை ஜப்பானியர்கள் இன்றும் திரும்பச் சொல்கிறார்கள். வட்டம் கலைந்து திடலுக்குள் பிரிந்து செல்லும் இவர்கள் நமக்கு 'அவர்கள்' அல்லர், இவர்கள் நாமேதான் என்பது அதன் சாரம். இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கூடுதல் நேரம் தொடங்கும்போது ஒகாடா தன் கடைசி மாற்று ஆட்டக்காரரை இறக்கினார். பெயர் மசாயுகி ஒகானோ. நீண்ட கூந்தல், காற்றாய்ப் பறக்கும் கால்கள். 'காட்டு மனிதன்' என்பது செல்லப் பெயர். அந்த இறுதிச்சுற்று முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஒரு நிமிடம்கூட இறக்கப்படாதவர். களைத்துப்போன ஈரான் தற்காப்பைத் தன் ஓட்டத்தால் கிழித்துக்கொண்டு போனார். ஆனால் முடிக்க வரவில்லை. ஒருமுறை கோல்காவலர் அபெட்ஸாடேயும் அவரும் மட்டும் நேருக்கு நேர். உதைத்தால் கோல். ஒகானோ உதைக்காமல் பக்கவாட்டில் நகாடாவுக்குத் தள்ளினார், ஈரான்காரர் வந்து பந்தைத் துடைத்துவிட்டார். இன்னொரு வாய்ப்பில் பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அரங்கம் தலையில் கை வைத்தது. ஒரு கோலில் நாடே உலகக் கிண்ணத்துக்குப் போகும் நேரத்தில், அந்தக் கோலைத் திரும்பத் திரும்பத் தவறவிடுகிற மனிதனின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்!

முடிவுக்குச் சற்று முன் ஈரானுக்கும் ஒரு பொன்னான வாய்ப்பு வந்தது. அலி டாய் சறுக்கியபடி காலை நீட்டினார், பந்து கோலுக்குள் போகவில்லை. அடுத்தது 118ஆவது நிமிடம். பெனால்டி உதைக்கு இரண்டே நிமிடம் பாக்கி. நகாடா பந்தை முன்னே கொண்டுபோய், கோல் கட்டத்துக்கு வெளியிலிருந்து இடது காலால் அடித்தார். அபெட்ஸாடே பாய்ந்து தட்டினார், பந்து கையில் நிற்கவில்லை. உருண்டு வந்த பந்தை நோக்கி ஒகானோ சறுக்கிக்கொண்டு போனார். வலது கால் பட்டது. வலை அசைந்தது. ஆட்டம் முடிந்தது. 3-2.

ஒகாடா திடலுக்குள் ஓடினார். ஜப்பானில் நள்ளிரவு தாண்டியிருந்தது, யாரும் தூங்கவில்லை. மூன்று கோல்களுமே நகாடாவின் காலிலிருந்து புறப்பட்டவை. ஆனால் வரலாற்றில் நிலைத்தது, அத்தனை வாய்ப்புகளைத் தவறவிட்டும் கடைசிப் பந்துக்கு ஓடாமல் நிற்காத ஒகானோவின் பெயர். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான். தவறவிட்டவன் அடுத்த பந்துக்கு ஓட வெட்கப்பட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தோற்ற ஈரானின் கதையும் அத்தோடு முடியவில்லை. டெஹ்ரானில் ஆஸ்திரேலியாவோடு 1-1. நவம்பர் 29ஆம் தேதி மெல்பர்னில் 0-2 எனப் பின்தங்கி, ஆட்டம் முடிய ஏறத்தாழக் கால் மணி நேரம் இருக்கையில் பகேரியும் அதே அஸீஸியும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். எதிராளியின் மண்ணில் போட்ட கோல்களின் கணக்கில் ஈரானும் பிரான்சுக்குப் போனது. அங்கே 1998 ஜூன் 21ஆம் தேதி லியோன் நகரில் அமெரிக்காவை 2-1 என வென்றது. ஜப்பான் பிரான்சில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது, நகாயாமா ஜமைக்காவுக்கு எதிராக நாட்டின் முதல் உலகக் கிண்ணக் கோலைப் போட்டார். மியூராவை ஒகாடா அந்த அணியிலேயே சேர்க்கவில்லை. ஆனால் ஜொகூர் பாருவில் திறந்த கதவு பிறகு மூடவே இல்லை. அன்றிலிருந்து எந்த உலகக் கிண்ணத்தையும் ஜப்பான் தவறவிட்டதில்லை. 2022இல் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் ஒரே பிரிவில் வென்றது.

மருமகன் பெருமூச்சு விட்டான். "அவங்க எங்கேயோ போயிட்டாங்க மாமா. நாம எப்பவும் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்கதான்."

அங்கேதான் அவனைத் தடுத்தேன். அது உண்மை இல்லை. இன்னும் வியப்பான கதை இதற்கு முந்தியது, அது நம்முடையது.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் காற்பந்தில் வெண்கலம் வென்ற நாடு ஜப்பான். அடுத்த ஒலிம்பிக்குக்கான தகுதிச்சுற்று 1971இல் சியோலில் நடந்தது. அங்கே அந்த ஜப்பானை மலேசியா 3-0 என வென்றது. அடுத்து, சொந்த மண்ணில் ஆடிய தென்கொரியாவை 1-0 என வென்றது. எம். சந்திரனும் சோ சின் ஆனும் ஆடிய அந்த அணி 1972இல் மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போய், அமெரிக்காவை 3-0 என வீழ்த்தியது. நம்ப முடிகிறதா? ஜப்பானும் கொரியாவும் நம்மை வெல்ல வழி தேடிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

எட்டாண்டு கழித்து மீண்டும். 1980 ஒலிம்பிக் தகுதிச்சுற்று கோலாலம்பூரில் நடந்தது. ஜப்பானும் அதில் இருந்தது, இறுதிக்கு வரவில்லை. ஏப்ரல் 6ஆம் தேதி மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை மலேசியா 2-1 என வென்றது, வெற்றிக் கோலைப் போட்டவர் சபாவின் ஜேம்ஸ் வோங். கோல் கம்பத்தின் நடுவில் நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் மூலைக்கு மூலை பாய்ந்து பிடிப்பதால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தது. தற்காப்பில் சந்தோக் சிங், சோ சின் ஆன். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சீக்கியரும் சபாக்காரரும் ஒரே சட்டையில் நின்ற அணி.

அந்த அணி ஒலிம்பிக்குக்குப் போகவே இல்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அதைக் கண்டித்து மாஸ்கோ ஒலிம்பிக்கை 60க்கும் மேற்பட்ட நாடுகள் புறக்கணித்தன, மலேசியாவும் அதில் ஒன்று. வென்று வாங்கிய இடத்தில் ஈராக் போய் ஆடியது. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்தார். 1980க்குப் பிறகு மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கை எட்டவில்லை. 2016இல் வந்த 'ஓலா போலா' படம் அந்த அணியை அடிப்படையாகக் கொண்டது. அந்தப் படம் வந்திராவிட்டால், இன்றைய இளையரில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

ஒருவர் மேலே போனதும் மற்றவர் கீழே வந்ததும் விதி என்று சொல்லிவிட முடியாது. ஜப்பான் 1993இல் பத்து கிளப்புகளோடு தொழில்முறை லீக்கைத் தொடங்கியது. ஒவ்வொரு கிளப்பும் ஓர் ஊரின் பெயரைத் தாங்கி, அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது அடிப்படை. நூறு ஆண்டுத் தொலைநோக்கு என்று பெயர் வைத்து உழைத்தார்கள். அதே 1990களின் நடுவில் நம் லீக்கை ஆட்டச் சூதாட்டம் பிடித்து உலுக்கியது. பல ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள், மக்கள் நம்பிக்கை இழந்தார்கள். அந்தப் பள்ளத்திலிருந்து எழ நீண்ட காலம் ஆனது. 2015 அக்டோபர் 31ஆம் தேதி ஜேடிதி, தஜிகிஸ்தானின் துஷன்பே நகரில் இஸ்திக்லோல் அணியை 1-0 என வென்று ஏஎஃப்சி கிண்ணத்தைக் கொண்டுவந்தது. தென்கிழக்காசியாவிலிருந்து அதை வென்ற முதல் கிளப் அது. ஒழுங்கும் முதலீடும் பொறுமையும் இருந்தால் ஜொகூர் மண்ணிலும் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் நான் அவனிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. தோஹாவில் தோற்றதற்கும் பெயர் வைத்தார்கள், ஜொகூர் பாருவில் வென்றதற்கும் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததால் பாட்டன் பேரனுக்குச் சொல்ல முடிகிறது. கடல் கடந்து வந்த முதியவர் ஒருவர், முன்பின் தெரியாத ஒரு தமிழ் இளைஞனின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறார். 1971க்கு நாம் என்ன பெயர் வைத்தோம்? 1980க்கு? வெல்வது ஒரு வேலை. வென்றதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டாவதை நாம் செய்யவில்லை. அதனால்தான், எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம் என்று ஒரு ஜொகூர்ப் பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறான்.

அந்த வர்ணனையாளர் சொன்னதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் அல்லர், நாமே. ஆறுமுகமும் சந்திரனும் சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும் ஜேம்ஸ் வோங்கும் நமக்கு யாரோ அல்லர். தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு ஆடி, மாவட்ட அணிக்கும் மாநில அணிக்கும் போன நம் பெரியப்பாக்களும் மாமாக்களும் யாரோ அல்லர். அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பழைய சட்டையும் மங்கிய படமும் அலமாரியில் கிடக்கின்றன.

உங்கள் வீட்டிலோ லயத்திலோ தாமானிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஆண்டு, எந்த அணி, எந்தத் திடல், கூட ஆடியவர்கள் யார் என்று கேளுங்கள். படத்தின் பின்னால் பெயர்களை எழுதி வையுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, விளையாட்டுப் போட்டி நாளன்று ஐந்து நிமிடம் ஒதுக்கி, பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கதைகளையும் சொல்லுங்கள். லார்கினைக் கடந்து போகும்போது அந்த அரங்கத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். ஒரு நாடு தன் பேரானந்தத்தை அங்கே கண்டெடுத்துத் தன் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறது. நம்முடையதை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.